ஃபாதர் வந்துட்டுப் போனாரு

அத்தியாயம் 9

போன வாரம் அகஸ்டினை எங்கே விட்டு வந்தோமோ, மனிதர் இன்னும் அங்கேயேதான் நிற்கிறார். தேயிலைத் தோட்டத்தில், லயத்து வீட்டின் முன்னறையில், இஸ்திரி மேசைக்கு முன்னால். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேய்த்த அதே வெள்ளைச் சட்டையைச் சனிக்கிழமை காலையில் மறுபடியும் தேய்த்துக்கொண்டிருக்கிறார். சட்டைக்கு வாயிருந்தால் போதும் விடு என்று கெஞ்சியிருக்கும்.

நாளைக்கு அவர் மனைவி கேத்லீனின் முப்பதாம் நாள் பூசை. தோட்டத்துக் கோயிலில் பூசை வைக்க ஃபாதர் பெர்னார்ட் வருகிறார். கேத்லீன் இறந்த மறுநாள் விடுமுறையில் பினாங்குக்குப் போனவர், இந்த வாரம்தான் மலைக்குத் திரும்பியிருக்கிறார். அடக்கத்தை நடத்திக் கொடுத்தது ஈப்போவிலிருந்து வந்த வேறொரு சாமியார். அதனால் ஃபாதர் பெர்னார்டுக்கு நேரில் நன்றி சொல்ல அகஸ்டினுக்கு இதுவரை கொடுத்துவைக்கவில்லை.

எதற்கு நன்றி? கடைசி நாளில் வீடு தேடி வந்து, கேத்லீனின் நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசி, சாகக் கிடப்பவர்களுக்குச் செய்யும் அவஸ்தை என்ற சடங்கைச் செய்துவிட்டுப் போனதற்கு.

ஃபாதர் அன்று வரவே இல்லை. வீட்டில் அது அகஸ்டினின் மகள் டோரீனுக்கு மட்டும்தான் தெரியும்.

"டோரீன், இந்த காலர் சரியா இருக்கா பாரு மா."

"இருக்கு பா. விடுங்க. நீங்க தேய்க்கிற தேய்ப்புல துணியே கருகிடும்."

"நாளைக்குப் பூசை முடிஞ்சதும் எழுந்து ரெண்டு வார்த்தை பேசலாம்னு இருக்கேன். தனியா போயி தேங்க்யூ சொன்னா நல்லா இருக்காது. எல்லார் முன்னாடியும் சொல்லணும். உங்கம்மா எப்படிப் போனான்னு தோட்டமே தெரிஞ்சிக்கட்டும்."

டோரீன் அடுப்படிக்குள் போய்விட்டாள். அங்கே ஒரு வேலையும் இல்லை. காலியான பானையைக் கழுவி, கழுவிய பானையை மறுபடி கழுவினாள்.

ஃபாதருக்கு ஃபோன் போட்டு, "நாளைக்கு எங்கப்பா நன்றி சொல்லுவாரு, ஒண்ணும் மறுத்துப் பேசிடாதீங்க ஃபாதர்" என்று கேட்டுக்கொள்ளலாமா என்று நேற்றைக்கு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. நம்பரைத் தேடியும் எடுத்துவிட்டாள். பலிபீடத்துக்கு முன்னால் நின்று பொய் சொல்லச் சொல்லி ஒரு சாமியாரிடமே கேட்கும் அளவுக்கு வந்துவிட்டோமே என்று உறைத்ததும் ஃபோனைக் கீழே வைத்தாள்.

எல்லாம் ஆரம்பித்தது அந்தக் குடல் புண்ணில்.

கேத்லீனுக்கு வந்தது கணையத்தில் புற்றுநோய். அவரிடம் சொன்னது குடல் புண். "அம்மாவுக்குத் தெரிஞ்சா நோயில போகமாட்டாங்க, பயத்துலயே போயிடுவாங்க. யாரும் மூச்சு விடக்கூடாது" என்று ஜோகூரில் வேலை பார்க்கும் மூத்தவன் எல்வின் உத்தரவு போட்டான். அகஸ்டின் தலையாட்டினார். டோரீனும் தலையாட்டினாள். உத்தரவு போட்டவன் ஜோகூருக்குப் போய்விட்டான். படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தினம் தினம் அந்தப் பொய்யை ஊட்டியது டோரீன்தான்.

அப்படி இருக்கும்போது அவஸ்தை பூச ஃபாதரை எப்படிக் கூப்பிடுவது? அது நோயாளிக்கு ஆறுதல், சாவுக்கு அச்சாரம் இல்லை என்று ஃபாதரும் பிரசங்கத்தில் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்துவிட்டார். தோட்டத்து ஜனங்கள் கேட்டால்தானே! ஃபாதர் காடி முன்னால வந்தா சவப்பெட்டி பின்னால வரும் என்பது லயத்தில் பேசிவைத்த பேச்சு. நோயில் கிடப்பவர் அந்த எண்ணெய்ப் புட்டியைப் பார்த்தால், அதற்கு மேல் அவரிடம் எதையும் மறைக்க முடியாது.

கடைசி நாள் காலையில் அகஸ்டின் மகளைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டுச் சொன்னார். "இனிமே தள்ளக்கூடாது மா. ஃபாதருக்கு ஃபோன் பண்ணி வரச் சொல்லு. நான் அடுப்புக்குக் கேஸ் வாங்கிட்டு வந்துடறேன்."

மத்தியானத்துக்கு மேல் அவர் திரும்பி வந்து கேட்டார். "ஃபாதர் வந்தாரா?"

"வந்துட்டுப் போனாரு பா" என்றாள் டோரீன். அன்று இருட்டும்போது கேத்லீன் போய்விட்டார்.

"கவுன்சலிங்கா? நமக்கு என்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?"

இது எல்வின். பூசைக்காக நேற்றே காடி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். இப்போது சாப்பாட்டு மேசையில் ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்துக்கொண்டே கேட்டான்.

"பிடிக்காம இருக்கத்தான் போறோம் லா" என்றார் அகஸ்டின். "அம்மாவுக்கு வலி மருந்து கொடுக்க வந்த ஆஸ்பத்திரி மிஸ்ஸிதான் சொல்லிட்டுப் போனாங்க. இந்த நோயில ஆள பறிகொடுத்தவங்க எல்லாரும் மாசத்துக்கு ஒருக்கா ஒண்ணா ஒக்காந்து பேசுறாங்களாம். நடத்துறது நம்ம கனி பாய் மக ரொஹானா. போகலைன்னா பாய் தப்பா நெனைப்பாரு."

"பேசினா அம்மா திரும்பி வந்துடுவாங்களா?"

"உன் காடியில பெட்ரோல் இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்று எழுந்துவிட்டார் அகஸ்டின். தேயிலை ஃபேக்டரியில் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே காலந்தள்ளியவர். அவரிடம் வாதாடி ஜெயித்தவர் யாரும் இல்லை.

போகிற வழியில், கோலா தெர்லா சந்திப்பில் காய்கறி லோரிகள் வரிசை கட்டி நின்றன. முட்டைக்கோசும் சலாட் கீரையும் ஏற்றிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. டோரீன் வேலை செய்யும் காய்கறிக் கொட்டகையும் அங்கேதான் இருக்கிறது. கூடச் சேர்ந்து தக்காளி பொறுக்கும் பெண் ஒருத்தி அவளைப் பார்த்துக் கையாட்டினாள். டோரீன் பார்க்காதது மாதிரி திரும்பிக்கொண்டாள். நல்ல மகள் என்று ஊரெல்லாம் சொல்லும் மூஞ்சியை இப்போதெல்லாம் யாருக்கும் காட்டப் பிடிக்கவில்லை அவளுக்கு.

"அம்மாவ நீ பாத்துக்கிட்ட மாதிரி யாரும் பாத்துக்க முடியாது டோரீன்" என்றான் எல்வின், காடியின் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்து. "ஒரு நாள்கூட அவங்களுக்குச் சந்தேகம் வரல, பாத்தியா?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

கம்போங் ராஜாவில் முகம்மது கனியின் சாப்பாட்டுக் கடையைத் தெரியாதவர்கள் கிடையாது. ரொட்டி சானாய் தட்டும் சத்தம் தெருமுனைக்கே கேட்கும். மாடியில் ஒரு நீளமான அறை. சாமான் போட்டு வைத்திருந்த இடத்தை மகளுக்காக ஒழித்துக் கொடுத்திருந்தார் கனி. மகள் ரொஹானா கோலாலம்பூரில் மனநலம் படித்துவிட்டு, புற்றுநோய் வீடுகளைக் கவனிக்கும் ஒரு சங்கத்தில் வேலை பார்ப்பவள்.

"வாங்க அங்கிள், வாங்கண்ணே. டோரீன்க்கா, இப்படி ஒக்காருங்க." நாற்காலிகளை அவளே இழுத்துப் போட்டாள். "எதுக்கு ரொட்டிக் கடை மாடியில வச்சிருக்கேன்னு எல்லாரும் கேக்குறாங்க. கோயில் மண்டபத்துல வச்சேன், சர்ச் ஆளுங்க வரல. சர்ச் ஹால்ல வச்சேன், எங்க ஆளுங்க வரல. எங்க அத்தா கடைக்கு வராதவங்க இந்த மலையில யாரு இருக்கா?"

அறையில் சின்னச் சிரிப்பு எழுந்தது. எல்வினுக்கே உதடு லேசாக அசைந்தது.

"இங்க யாரும் பேசித்தான் ஆகணும்னு இல்ல" என்றாள் ரொஹானா. "தேத்தண்ணி குடிச்சிட்டு சும்மா ஒக்காந்துட்டுப் போனாலும் சரி. ஒருத்தர் பேசும்போது மத்தவங்க 'அழாதே'ன்னு மட்டும் சொல்லாதீங்க. அது ஒண்ணுதான் சட்டம்."

முதலில் சுப்பன் பேசினான். காய்கறி லோரி ஓட்டுபவன். நல்ல உயரம், தடித்த கை. அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்து வைத்து எடுத்தான்.

"எங்கக்காதான் என்னை வளர்த்துச்சு. மார்ல கட்டி. ஆஸ்பத்திரியில கெடந்துச்சு. என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுடான்னு கேட்டுச்சு. நான் மாட்டேன்னுட்டேன். இன்னொரு மருந்து இருக்கு, அதையும் பாத்துடுவோம்கான்னு சொன்னேன். அது ஒண்ணும் சண்டை போடல. சரிடான்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்குச்சு." அவன் நிறுத்தினான். "கேட்டது அது ஒண்ணுதான். அதையும் நான் செய்யல."

டோரீன் கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தாள்.

அகஸ்டின் நாற்காலியை முன்னால் நகர்த்தி, சுப்பனின் தோளில் கை வைத்தார்.

"தம்பி, கடைசியா கேட்டத செய்யலைன்னா மனசு அறுக்கத்தான் செய்யும். அறுக்கட்டும். அது பாசம்தான். எங்க வீட்டுல அவ போனா. ஆனா அந்தக் குறை இல்லாம போனா. ஃபாதர் வந்து எண்ணெய் பூசி, செபம் சொல்லி, எல்லாம் முறையா நடந்துச்சு. நான் வெளிய போயிருந்தேன், என் மகதான் கூட இருந்து பாத்துச்சு." திரும்பி டோரீனைக் காட்டினார். "ராத்திரி கண்ண மூடினா அதத்தான் நெனைச்சிக்குவேன். அது மட்டும் இல்லைன்னா எனக்குத் தூக்கமே கெடையாது தம்பி."

எல்லாரும் டோரீனைப் பார்த்தார்கள். ஓர் அம்மாள் அவளைப் பார்த்துக் கை கூப்பவே செய்தார்.

"பாத்ரூம்" என்று சொல்லிவிட்டு டோரீன் எழுந்தாள்.

கடைக்குப் பின்புறம் இரும்புப் படிகள் இறங்கின. கீழே வெங்காய மூட்டைகள், கழுவிக் கவிழ்த்த அண்டாக்கள். மலையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. டோரீன் நடுப்படியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தம் வெளியே வந்தால் நிற்காது என்று அவளுக்குத் தெரியும்.

ரொஹானா வந்து ஒரு படி மேலே உட்கார்ந்தாள்.

"அது பொய்" என்றாள் டோரீன். "ஃபாதர் வரல. நான் கூப்பிடவே இல்ல."

அதற்கப்புறம் எல்லாம் தானாக வந்தது. கையில் ஃபோனை எடுத்தது. எடுத்த நேரம் பார்த்து அம்மா கண் விழித்தது. இதுவரை யாரிடமும் சொல்லாத அந்த ஒன்றும் வந்தது.

"அம்மாவே கேட்டாங்க ரொஹானா. 'ஃபாதர வரச் சொல்ல மாட்டியா டோரீன்'னு கேட்டாங்க. நான் சிரிச்சேன். 'குடல் புண்ணுக்கு யாராச்சும் ஃபாதரக் கூப்பிடுவாங்களா மா, ஆளப் பாரு'ன்னு சொல்லி சிரிச்சேன். அவங்களும் சிரிச்சாங்க. சரி மான்னு சொல்லிட்டு செவுத்துப் பக்கம் திரும்பிட்டாங்க. அதுக்கப்புறம் கண்ணே முழிக்கல."

அவளுக்கே இன்றுவரை விளங்கவில்லை. அம்மாவே கேட்ட பிறகு என்ன தயக்கம்? ஆமாம் மா, கூப்பிடறேன் என்று சொன்னால், ஆமாம் மா, நீங்க சாகப்போறீங்க என்று சொன்ன மாதிரி. மாதக்கணக்காகப் பால் ஊற்றி வளர்த்த பொய்யை அந்த ஒரு நொடியில் அவளால் கொல்ல முடியவில்லை. அவ்வளவுதான். அது கோழைத்தனம் என்று அவளுக்குத் தெரியும்.

"அப்பா வந்து கேட்டப்போவாவது சொல்லியிருக்கலாம். இருட்டுற வரைக்கும் மூச்சு இருந்துச்சு. அப்பா ஓடிப்போயி கூட்டிட்டு வந்திருப்பாரு. நான் வாய்கூசாம வந்துட்டுப் போனாருன்னு சொன்னேன்."

ரொஹானா ஒரு படி கீழே இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்க மேல தப்பே இல்லக்கான்னு நான் சொல்லமாட்டேன். சொன்னா நீங்க நம்பமாட்டீங்க. ஒண்ணு கேக்குறேன். குடல் புண்ணுன்னு முதல்ல சொன்னது யாரு?"

"அண்ணன்."

"சரின்னு சொன்னது?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும் சேர்ந்து தூக்கினத கடைசில ஒருத்தர் தலையில எறக்கிட்டாங்க. அந்த ஒருத்தர் தடுமாறிட்டாங்க. உங்க பங்கு உங்களது, அத நான் கழிக்கல. ஆனா முழுசும் உங்களதா?"

டோரீன் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு அப்பா எழுந்து நன்றி சொல்லப் போறாரு" என்றாள். "ஃபாதர் 'நான் வரலையே'ன்னு சொல்லிட்டா?"

"அப்ப எப்படியும் தெரியத்தான் போவுது. யாரு வாயால தெரியணும்கிறது மட்டும்தான் இப்ப உங்க கையில இருக்கு."

"அம்மா கேட்டதையும் சொல்லணுமா?"

ரொஹானா யோசித்தாள். "எல்லாத்தையும் ஒரே நாள்ல கொட்டணும்னு இல்லக்கா. அவரு தாங்குற அளவுக்குச் சொல்லுங்க. ஆனா அவரா கேட்டா, இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க. மொத பொய் பயத்துல வந்துச்சு. ரெண்டாவது தெரிஞ்சே சொல்றதா இருக்கும். அது உங்கள விடாது."

அப்பாவைக் கூப்பிட டோரீன் மேலே ஏறியபோது அறைக்குள் எல்வினின் குரல் கேட்டது. கவுன்சலிங்கைக் கேலி செய்தவன், சுப்பனுக்கு எதிரே குனிந்து உட்கார்ந்து தரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். "நான்தான் எங்கம்மாகிட்ட சொல்ல வேணாம்னு சொன்னேன். அவங்களுக்கு என்னென்ன சொல்லணும்னு இருந்துச்சோ..." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். அண்ணன் அழுது டோரீன் பார்த்ததில்லை. அடக்கத்தன்றுகூட அவன் பந்தல்காரனோடு பேசிக்கொண்டுதான் நின்றான்.

"பா, கொஞ்சம் வாங்க."

இரும்புப் படியில் அப்பாவும் மகளும் நின்றார்கள். உட்கார அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"பா, அன்னைக்கு ஃபாதர் வரல."

அகஸ்டின் முதலில் சிரித்தார். "வரலையா? நீதானே சொன்ன, வந்துட்டுப் போனாருன்னு."

"பொய் சொன்னேன் பா. நான் ஃபோனே பண்ணல. அம்மா பயந்துடுவாங்கன்னு... நாளைக்குப் பாத்துக்கலாம்னு நெனைச்சிட்டேன்."

சிரிப்பு அவர் முகத்திலிருந்து உடனே போய்விடவில்லை. அதை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் வந்து கேட்டப்போ அவளுக்கு மூச்சு இருந்துச்சு" என்றார்.

"இருந்துச்சு பா."

"இருட்டுற வரைக்கும் இருந்துச்சு."

"ஆமா பா."

"நானே போயிக் கூட்டிட்டு வந்திருப்பேனே மா."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. கெஞ்சுகிற குரலில் சொன்னார். கை நீட்டி ஓர் அறை விட்டிருந்தால்கூட அவள் வாங்கிக்கொண்டு நிம்மதியாக அழுதிருப்பாள். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். கவிழ்த்த அண்டா மேல் குழாய்த் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு நான் எங்க போனேன்னு நெனைச்ச?" என்றார் கடைசியில்.

"கேஸ் வாங்கத்தானே பா."

"கேஸ் வாங்க எவ்வளவு நேரம் ஆவும்? காலையில போனவன் எப்ப வந்தேன்?" தலை குனிந்தபடியே சொன்னார். "இங்கதான் மா ஒக்காந்திருந்தேன். கீழ, கனி கடையில, ஓரத்து மேசையில. தேத்தண்ணிக்கு மேல தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு. ஃபாதர் எண்ணெய வெளிய எடுக்கும்போது உங்கம்மா முதல்ல என் மூஞ்சியத்தான் பாப்பா. அந்த நேரத்துல என் மூஞ்சிய நான் எங்க கொண்டுபோயி வைக்கிறது? அதான் உன் தலையில போட்டுட்டு ஓடி வந்துட்டேன். புருஷன்னு பேரு எனக்கு."

டோரீன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் மனசில் மட்டும்தான் பாரம் என்று நினைத்திருந்தாளே, வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இவரும் இதைத்தான் சுமந்துகொண்டு படுத்திருக்கிறார். அவள் சொன்ன பொய்தான் அவருக்குத் தலையணை. அதையும் இப்போது உருவிவிட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு மா." அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "அவ ஃபாதரக் கேட்டாளா?"

அவள் வாயைத் திறந்தாள்.

"கேக்கலைல்ல?" என்று அவரே அவசரமாகச் சொன்னார். "எப்படிக் கேப்பா? அவளுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே. குடல் புண்ணுன்னுதானே நெனைச்சிட்டு இருந்தா. கேட்டிருக்க மாட்டா. கேட்டு, நான் இங்க ஒக்காந்து தேத்தண்ணி குடிச்சிட்டு இருந்திருந்தா... இல்ல, கேட்டிருக்க மாட்டா. அப்படித்தானே மா?"

உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேட்டாங்க பா. இரண்டே வார்த்தை. இவரா கேட்டால் இல்லை என்று சொல்லாதே என்று ரொஹானா சொன்னது காதில் நின்றது. ஆனால் கேட்பது ரொஹானாவின் அப்பா இல்லை. அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னால் இந்த மனிதர் இந்தப் படியை விட்டு எழுந்திருப்பாரா?

"கேக்கல பா" என்றாள் டோரீன்.

அகஸ்டின் மூச்சை விட்டார். நெடுநேரமாக அடக்கி வைத்திருந்த மூச்சு.

"அப்படின்னா சரி. அப்படின்னா போதும் மா." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தெரியாமலே போயிட்டா. பயமில்லாம போயிட்டா. ஃபாதர் வரலைன்னா என்ன, சாமி கண்ணு தெரியாதவரா? நீ தப்பு பண்ணல மா. நான் பண்ண வேண்டியத நீ பண்ணின. அழாதே."

சொல்லிவிட்டு, கட்டைவிரலால் மகளின் நெற்றியில் சிலுவை போட்டார். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும்போது போடுவாரே, அதே மாதிரி அழுத்தி.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ரொஹானா காலி தம்ளர்களைத் தட்டில் வைத்துக்கொண்டு மேல்படியில் நின்றாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது. அவள் டோரீனைப் பார்த்தாள், பிறகு அகஸ்டினைப் பார்த்தாள். தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பிவிட்டாள். திட்டியிருந்தால் டோரீனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"என்ன பா, ரெண்டு பேரும் இங்க பண்றீங்க?" எல்வின் சிவந்த கண்ணோடு வந்து நின்றான்.

"ஒண்ணும் இல்ல லா. உன் தங்கச்சி மனசுல இருந்தத சொல்லிச்சு. காடில போகும்போது உனக்கும் சொல்றேன், அதத் திட்டக்கூடாது." அகஸ்டின் எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். முகத்தில் ஒரு மாதமாகக் காணாத தெளிவு. "நாளைக்கு நான் பேசத்தான் போறேன். ஃபாதருக்கு நன்றி சொல்ல இல்ல. எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு சொல்லுவேன். என் மக அவ அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் ஒரு குறையும் வைக்கலன்னு சொல்லுவேன். உங்கம்மா எதக் கேட்டாலும் இவ இல்லைன்னு சொன்னதே கெடையாதுன்னு சொல்லுவேன். சொல்லலாம்ல மா?"

நெற்றியில் அவர் விரல் பட்ட இடம் இன்னும் தெரிந்தது. டோரீன் அதைத் துடைக்கவும் முடியாமல், சரி என்று தலையை ஆட்டினாள்.